சிவப்பும் மஞ்சளும் ஒரே சஹனில்

1

எங்கள் சாப்பாட்டுக் கடை வாசலில் ஒரு பலகை தொங்க வேண்டுமாம். உதைபந்தாட்ட மெட்ச் நடக்கும் நாட்களில் மட்டும். ‘உள்ளூர் அணி ரசிகர்களுக்கு மட்டும்’ என்று அழகான எழுத்தில் அச்சடித்து, கயிறு கட்டி, ஆணியும் சேர்த்துக் கொண்டுவந்து தந்தார்கள். ஆணிக்குக்கூட எங்களை அலைய விடவில்லை. அவ்வளவு அக்கறை!

நான் அதைத் தொங்கவிடவில்லை. தொங்கவிடப் போவதுமில்லை. இதை ஊருக்கு எழுதுவதற்குக் காரணம், இங்கே நடந்தது ஒன்று, அங்கே போய்ச் சேர்ந்தது வேறொன்று. ‘ஜெஸீமா வெள்ளைக்காரனோட சண்ட புடிச்சிக் கடையப் பூட்டப் போறாவாம்’ என்று கல்முனைக்குடியில் என் அக்கா, ராத்தாவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ராத்தா தொலைபேசியில் ஒரே அழுகை. “உனக்கு வாய் கூட, சின்ன வயசிலயே வாய் கூட” என்று அழுகைக்கு நடுவிலும் ஏச்சு வேறு. வாய் கூடத்தான். அதை நான் எப்போது மறுத்தேன்? ஆனால் கதையைச் சரியாகச் சொல்லிவிட்டு ஏசுங்கள்.

இலங்கையை விட்டு வந்து நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே ஒரு நகரம். கடை வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் உதைபந்தாட்ட அரங்கு தெரியும். ஊரில் மைதானம் என்றால் ஒரு வெளி, இரண்டு கோல் கம்பம், ஓரத்தில் கச்சான் விற்கிறவர். இங்கே அது ஒரு கப்பல் மாதிரி எழும்பி நிற்கிறது. அதைச் சுற்றித்தான் எங்கள் வட்டாரமே பிழைக்கிறது. பியர் கடைகள், மீன் பொரியல் கடைகள், பந்தயம் கட்டுகிற கடை, ரெயில் பாலத்துக்குக் கீழே வலை கட்டி ஐந்து பேர் ஐந்து பேராய்ப் பந்தடிக்கிற கூண்டுகள், பந்தை உருட்டிக் கட்டைகளை விழுத்துகிற மண்டபம், குத்துச்சண்டை பழக்குகிற ஒரு பழைய தேவாலயம். அந்த வரிசையில் கடைசிக்கு முந்திய கதவு எங்களுடையது.

மற்ற நாட்களில் இந்தத் தெரு நித்திரை. மெட்ச் நாளில் வந்து பார்க்க வேண்டும். காலையிலேயே வண்டில்களில் வெங்காயம் வதக்கத் தொடங்கிவிடுவார்கள். பொலிஸ் குதிரைகள் வரும். அதுகள் போட்டுவிட்டுப் போவதை மிதிக்காமல் கடைக்கு வந்து சேருவது ஒரு தனி விளையாட்டு. பிறகு சிவப்புச் சட்டை போட்ட சனம் வெள்ளம் மாதிரி வரும். எங்கள் கடைக்குள் குடி கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். குடிக்கிற கோப்பையை ஜன்னல் கட்டில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நல்ல பிள்ளைகளாய் உள்ளே வருவார்கள். சாப்பிட்டுவிட்டுப் போகும்போது அவரவர் கோப்பையை அவரவரே கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போவார்கள். ஒருநாளும் மாறிப்போனதில்லை. அந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள்.

2

பலகைக்குக் காரணம் சஹன்.

கல்யாண வீட்டில் நாலைந்து பேர் சுற்றி இருந்து ஒரே பெரிய தட்டில் சாப்பிடுவோமே, அந்தச் சஹன்தான். தொடக்கத்தில் எங்கள் கடையிலும் ஆளுக்கொரு பீங்கான். ஒரு மெட்ச் நாளில் பீங்கான் கழுவுகிற மெசின் நின்றுவிட்டது. உள்ளே இருக்க இடமில்லாத சனம், கழுவ ஆளில்லாத பீங்கான். சமைக்கிறவர் என் கணவர் நிசார். அவருக்குப் பதற்றம் வந்தால் பேச்சு வராது, கைதான் ஓடும். பெருநாளைக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த சஹன்களை எடுத்தார். நெய்ச்சோற்றைக் கொட்டினார். நடுவில் மாட்டிறைச்சி, பக்கத்தில் கத்தரிக்காய்ப் பிரட்டல், மாசிச் சம்பல். கொண்டுபோய் நடு மேசையில் வைத்துவிட்டு, “எல்லாரும் இதிலதான்” என்று எனக்குச் சொன்னார். நான் அவர்களுக்குச் சொன்னேன்.

வெள்ளைக்காரன் ஓடிவிடுவான் என்றுதான் நினைத்தேன். ஓடவில்லை. ஒருவனுடைய பக்கத்தில் இறைச்சி குறைந்தால் மற்றவன் தள்ளிவிட்டான். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் பிசைந்தவனும் இருக்கிறான். அடுத்த மெட்ச் நாளில், மெசின் திருத்தியாகிவிட்டது என்று சொன்ன பிறகும், அந்தப் பெரிய தட்டுத்தான் வேண்டும் என்று நின்றார்கள்.

சஹன் வந்தால் சஹனுடைய முறையும் வரும் அல்லவா? ஆள் நிறையாத சஹனில் கை வைப்பதில்லை. இரண்டு பேர் வந்து உட்கார்ந்தால் இன்னும் இரண்டு பேரைப் பார்த்து அழைத்து இருத்துவேன். யார், எவர், என்ன தொழில் என்று கேட்பதில்லை. ஊரில் கல்யாண வீட்டில் கேட்கிறோமா? சஹனில் ஓர் ஆள் குறைகிறது, நீங்கள் வாங்க, முடிந்தது. என் கைக்கு அது பழகிப்போன வேலை. அதில் பிழை இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

ஒரு மழை நாள். டெரி என்று எங்களுடைய நிரந்தர வாடிக்கையாளர், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவியோடு வந்து உட்கார்ந்தார். இரண்டு ஆள் குறைவு. வாசலில் மழைச் சட்டை போட்டுக்கொண்டு வயதான இரண்டு ஆண்கள் உள்ளே வருவதா, போவதா என்று நின்றார்கள். நான் போய் முழங்கையைப் பிடிக்காத குறையாய்க் கூட்டிவந்து டெரிக்கு எதிரில் இருத்தினேன். சோறு வந்தது. சூடு. அவர்கள் மழைச் சட்டையைக் கழற்றினார்கள். உள்ளே மஞ்சள்.

மஞ்சள் என்றால் அன்றைக்கு எதிர் அணி.

நான் அதற்குள் சம்பல் எடுக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் எல்லாரும் உறைந்துபோய் இருக்கிறார்கள். எனக்கு விளங்கவில்லை. இந்த நாட்டில் மெட்ச் நாளில் சிவப்புக்கு ஒரு வீதி, மஞ்சளுக்கு ஒரு வீதி. இரண்டுக்கும் நடுவில் குதிரை. எதிரணி ரசிகர்கள் பஸ்ஸால் இறங்கி பொலிஸ் காவலோடு நடந்து உள்ளே போய், காவலோடே வெளியேற வேண்டும். பியர் கடைகளில் அவர்களை வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சட்டையின் நிறத்தைப் பார்த்துச் சோறு போடுகிற வழக்கம் எனக்குத் தெரியாது. “ஏன் பாத்துக்கிட்டு இருக்கீங்க? ஆறப் போகுது” என்று இங்கிலீஷில் சொன்னேன்.

டெரிதான் முதலில் சிரித்தார். கரண்டியை எடுத்து இறைச்சித் துண்டொன்றை மஞ்சள் சட்டைக்காரர் பக்கம் தள்ளினார். “இதைச் சாப்பிடு. இன்றைக்கு உனக்குக் கிடைக்கப் போகிற ஒரே நல்ல விஷயம் இதுதான்” என்றார். அந்த மனிதரும் விடவில்லை. “உங்கள் கோல்காப்பாளரைப் பார்த்த பிறகு எனக்கு நல்ல விஷயத்துக்குக் குறைவில்லை” என்றார். அவ்வளவுதான். நக்கலும் சோறுமாய் சஹன் காலியானது. வட்டிலப்பத்தில் ஆளுக்கொரு துண்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கை கொடுத்துப் பிரிந்தார்கள்.

அதற்குப் பிறகு மஞ்சள் மட்டுமில்லை, நீலம், பச்சை, கோடு போட்டது என்று எல்லா நிறமும் வரத் தொடங்கியது. தெருக் காவலுக்கு நிற்கிற ஒருவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பார்த்தவர் மேலிடத்தில் சொன்னார். அங்கேதான் தொடங்கியது தொல்லை, முசீபத்து.

3

இந்தக் கடை வரிசை முழுவதையும் வாடகைக்கு விட்டு நடத்துகிற ஒரு நிர்வாகம் இருக்கிறது. அதன் ஆள் கிரேக் பலகையோடு வந்தார். இளம் வயது. கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். நேராக சமையலறைக்குப் போய் நிசாருக்கு முன்னால் ஒரு தாளை வைத்து, ஒப்பமிடும் இடத்தைப் பேனையால் காட்டினார். நான் கல்லாவில் நிற்கிறேன், என்னைத் தாண்டித்தான் போனார்.

நிசார் பேனையை வாங்கினார், கையில் சுழற்றினார், பிறகு என்னைக் காட்டினார். காரணம் கிரேக்குக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும். எங்கள் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். நிசார் சாய்ந்தமருதிலிருந்து அப்படி வந்தவர்தான். இந்தக் கடையை எடுத்தபோது யாருடைய பேரில் என்று வக்கீல் கேட்டார். யோசிக்காமல் என்னைக் காட்டினார். வாசல் என்றால் அது பெண்ணின் பேரில்தான் இருக்கும் என்பது அவருக்கு அத்தனை இயல்பு. ஆகவே இந்த வாசலில் என்ன தொங்கும், என்ன தொங்காது என்பதற்கு என் ஒப்பம் வேண்டும்.

நான் வைக்கவில்லை. “சொறி, பிளீஸ், நோ” என்றேன். எனக்கு அதுதான் கோபம். மனதுக்குள் எரிகிறது, வாயில் வருவதோ சொறி, பிளீஸ். இந்த நாட்டுக்கு வந்து நான் முதலில் படித்த சொற்கள் எல்லாம் பணிவுச் சொற்கள். வைத்தியசாலையில், பாடசாலையில், விசாக் கந்தோரில் அதுகள்தான் பயன்பட்டன. இங்கிலீஷில் கோபப்பட யாரும் எனக்குப் பழக்கவில்லை.

கிரேக் போன பிறகு நிசார் என்னிடம் வந்தார்.

“ஒரு பலகதானே புள்ள. தொங்கட்டும். மெட்ச் முடிய கழட்டிப் போடுவம்.”

“கழட்டிப் போட்டா போயிருமா?”

“கடைக்கி இவ்வளவு கஷ்டப்பட்டு வந்திரிக்கம். மெட்ச் நாளில்லாட்டி இந்தக் கட ஓடா. உனக்கு அது தெரியாதா?”

“தெரியும்.”

“மறுகா என்ன?”

பிறகென்ன என்று எனக்கு அப்போது சொல்ல வரவில்லை. “ஏலா எண்டா ஏலா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பீங்கான் அடுக்கப் போனேன். அன்று முழுக்க நாங்கள் இருவரும் உப்பு, மிளகாய், அடுப்பு தவிர வேறு எதுவும் கதைக்கவில்லை.

4

எங்களுக்கு ஒரு மகள், ஹஸ்னா. அவள் கைக்குழந்தையாய் இருக்கும்போது வந்தோம். அதே அரங்கில்தான் அவளுக்கு வேலை. மேல்மாடியில் பணக்காரர்கள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து மெட்ச் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிற அறைகள் இருக்கின்றன. அங்கே உபசரிப்புப் பகுதி. கெட்டிக்காரி. இன்னும் கொஞ்ச நாளில் அந்தப் பகுதிக்கே பொறுப்பாக வருவாள் என்று அவளுடைய மேலதிகாரி சொல்லியிருக்கிறார். அவளுக்கு அந்த வேலைமேல் உயிர்.

நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். அதை வைத்து நான் அழுது புலம்பப் போவதில்லை. நாங்கள் கொண்டுவந்து விட்ட இடம் இது, இந்த இடத்துப் பேச்சு அவளுக்கு வந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கடை அவளுடைய வேலையிடத்திலிருந்து கூப்பிடு தூரம். அங்கே ஒருவருக்கும் இது அவளுடைய உம்மாவின் கடை என்று தெரியாது. வேலைக்குப் போகும் வழியில் உள்ளே வரமாட்டாள். உடுப்பில் கறி வாசம் ஏறிவிடுமாம். சரி, ஏறத்தான் செய்யும்.

பலகை விஷயம் அவளுக்கு வேலையிடத்தில்தான் முதலில் தெரியவந்திருக்கிறது. ‘அந்தப் பிரியாணிக் கடைப் பொம்பிளை’ என்று யாரோ சிரித்திருக்கிறார்கள். அவளும் கூடச் சிரித்திருக்க வேண்டும், வேறு என்ன செய்வாள். அன்று முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கோபம் வந்தால் மட்டும் அவளுக்குத் தமிழ் வரும், அதுவும் அச்சொட்டாய் என் ராத்தாவின் தமிழ்.

“உம்மா, உங்களுக்கு இது தேவையா? எல்லாக் கடையிலயும் தொங்குது. உங்கட கடையில மட்டும் தொங்கினா என்ன?”

“எல்லாரும் தொங்கவிட்டா நானும் தொங்கவிடணுமா?”

“இது சேஃப்டிக்கி. சும்மா கதைக்காதீங்க. இஞ்ச அடிபட்டிரிக்காங்க, உங்களுக்குத் தெரியும்தானே?”

தெரியும். கடை திறந்த புதிதில் தெரு முனையில் ஒரு பையனின் தலை உடைந்து இரத்தம் ஓடியதை நான் என் கண்ணால் கண்டேன். துவாயைக் கொண்டு ஓடியவளும் நான்தான்.

“அடிபட வந்தவன் ஆரும் எங்கட கடைக்குள்ள வரல்ல மகள். பசியோட வந்தவன்தான் வந்தான்.”

“அத அவங்களுக்கு விளங்கப்படுத்தேலா.”

“நீ வந்து விளங்கப்படுத்து. என்னக் கூட்டத்துக்கு வரச் சொல்லியிரிக்காங்க. எனக்குக் கோவம் வந்தா இங்கிலீசு வராது. நான் தமிழில சொல்லுறன், நீ சொல்லு.”

அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். தன்னுடைய வேலையிடத்தில், தன்னுடைய மேலதிகாரிகளுக்கு முன்னால், அந்தப் பிரியாணிக் கடைப் பொம்பிளைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். அல்லாஹ் அறிய, அவளை வதைக்க நான் அப்படிச் செய்யவில்லை. என்னிடம் வேறு நாக்கு இல்லை.

“மொழிபெயர்ப்பு மட்டும்தான் செய்வன்” என்றாள் கடைசியில். “வேற ஒண்டும் கதைக்க மாட்டன்.”

5

அரங்குக்குள் ஓர் அறை. கண்ணாடிக்கு அப்பால் பச்சைப் பசேலென்று புல். அத்தனை அழகான புல்லை ஒரு மாடும் மேய்வதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் கிரேக்கும், பொலிஸ் சார்ஜன்ட் ஒரு பெண்ணும், நிர்வாகத்தில் பெரியவர் என்று ஒருவரும். இந்தப் பக்கம் நான், ஹஸ்னா, நிசார். நிசார் வெள்ளிக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

சார்ஜன்ட் நியாயமாகத்தான் பேசினார். ரசிகர்கள் கலந்த இடத்தில்தான் தகராறு வருகிறது, பிரித்து வைத்தால் எல்லாருக்கும் நல்லது என்றார். பெரியவர், இது தெருவிலுள்ள எல்லாருக்கும் பொதுவான விதி, உங்களைத் தனியாக ஒன்றும் செய்யவில்லை என்றார்.

நான் தமிழில் தொடங்கினேன். “நான் கட வச்சிரிக்கிற சோறு விக்கிறதுக்கு. ஆக்களத் தரம் பிரிக்கிற வேல என்ட வேல இல்ல. அதுக்குச் சம்பளம் வாங்கிற ஆக்கள் வெளிய குதிரையில இரிக்காங்க.”

ஹஸ்னா இங்கிலீஷில் சொன்னாள். எனக்கு இங்கிலீஷ் பேசத்தான் வழுக்கும், கேட்டால் விளங்கும். ‘அம்மாவுக்கு இதை நடைமுறைப்படுத்துவதில் சில சிரமங்கள் இருக்கின்றன, உங்களுடைய அக்கறையை அவர் மதிக்கிறார்’ என்கிறாள் பிள்ளை! குதிரையும் இல்லை, சம்பளமும் இல்லை. எலும்பை எல்லாம் எடுத்துவிட்டு மீனைப் பரிமாறுகிறாள்.

நான் அவள் பக்கம் திரும்பினேன். “அது நான் சொன்னதில்லயே.”

“உம்மா, பிளீஸ்.”

“நான் சொன்னதச் சொல்லு. இல்லாட்டி எழும்பிப் போ.”

நிசார் மேசைக்குக் கீழே என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். பெரியவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அப்போதுதான், இத்தனை நாள் சொல்ல வராதது வாய்க்கு வந்தது. நிசாருக்கே நான் சொல்லாத கதை. ராத்தாவும் நானும்கூட ஒருநாளும் திரும்ப எடுக்காத கதை.

வாப்பாவுக்குக் கல்முனையில், மைதானத்துக்குக் கிட்ட, சோற்றுக்கடை. மெட்ச் நடந்தால் சுற்றுப்பட்ட ஊரெல்லாம் அங்கேதான் சாப்பிடும். பாண்டிருப்பிலிருந்து உழவு மெசின் பெட்டியில் ஒரு அணியை ஏற்றிக்கொண்டு செல்லத்துரை என்று ஒரு மனிதர் வருவார். வயற்காரர். வாப்பாவின் கூட்டாளி, அவரை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்றுதான் கூப்பிடுவார். நான் சின்னப் பிள்ளை, கல்லாவுக்குப் பக்கத்தில் பலகைக் கதிரையில் இருப்பேன். வரும்போதெல்லாம் எனக்கு மடியில் கட்டிக்கொண்டு நாவற்பழம் கொண்டுவருவார். பிறகு தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் காலம் கெட்டது. அந்த ஊர் பஸ் இந்த ஊரில் நிற்காது, இந்த ஊர் ஆள் அந்த ஊர்ச் சந்தைக்குப் போகமாட்டார். எங்கள் பக்கத்து ஆட்கள் சிலபேர் ஒருநாள் வாப்பாவிடம் வந்து, அந்த ஆக்களுக்குச் சோறு குடுக்க வேணாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பக்கத்திலும் எங்களுடையவர்களுக்கு அப்படிச் சொன்ன கடைகள் இருந்தன, ஒருவருக்கொருவர் குறைந்தவர்கள் இல்லை.

“மறுகா ஒருநாள் பகல்,” என்று சொன்னேன், “செல்லத்துர மாமா வந்தாரு. மெட்சு ஒண்டும் இல்ல. பேங்குக்கு வந்தவரு, பசி. வாசல்ல நிண்டாரு. வாப்பா தலையத் தூக்காம, ‘சோறு முடிஞ்சி செல்லத்துர’ எண்டாரு. சோத்துப் பான வாசலுக்கு நேரதான் இரிக்கி. மூடி இல்ல. ஆவி பறக்குது. அவரு பானயப் பாத்தாரு. வாப்பாவப் பாத்தாரு. ‘சரி காக்கா, மறுகா வாறன்’ எண்டாரு. அதுக்குப் பொறவு வரல்ல.”

நான் நிறுத்தினேன். ஹஸ்னா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாப்பா, அதாவது அவளுடைய மூத்த வாப்பா, என்றால் அவளுக்குச் சுவரில் தொங்குகிற படம் மட்டும்தான், தாடியும் தொப்பியுமாய்.

“சொல்லு மகள்” என்றேன்.

தொடங்கினாள். முதல் இரண்டு வசனமும் அவளுடைய வேலைக் குரலிலேயே வந்தது. பானையடிக்கு வந்ததும் நிறுத்தினாள். பேனையை மேசையில் வைத்தாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி சொன்னாள். மூடி இல்லாததைச் சொன்னாள். ஆவியைச் சொன்னாள். ‘மறுகா வாறன்’ என்பதை எப்படிச் சொல்லுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அப்படியே தமிழில் சொல்லிவிட்டு, ‘பிறகு வருகிறேன்’ என்று இங்கிலீஷில் விளங்கப்படுத்தினாள். ஒரு சொல் குறையவில்லை. பிறகு நான் கேட்காமலே, குதிரையையும் சம்பளத்தையும் திரும்ப எடுத்து, முதலில் நான் சொன்ன மாதிரியே சொன்னாள். சார்ஜன்ட் குனிந்து சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது.

“எங்கட வாப்பா பயத்தில ஒரு மனிசனத் திருப்பினாரு,” என்றேன். “அவர நான் குத்தம் சொல்லமாட்டன். அந்தக் காலத்தில உசிருக்குப் பயம். எனக்கு இஞ்ச என்ன பயம்? ஒரு பலகைக்குப் பயந்து, உடுப்பு நெறத்தப் பாத்து, வாசல்ல நிண்டு சோறு முடிஞ்சி எண்டு சொல்ல நான் இவ்வளவு தூரம் வந்திரிக்கத் தேவல்ல. அத ஊரிலயே செஞ்சிரிக்கலாம்.”

ஹஸ்னா சொன்னாள். எலும்போடு சொன்னாள்.

பெரியவர் கொஞ்ச நேரம் புல்லைப் பார்த்தார். மனதைத் தொடுகிற கதை என்றார். ஆனால் விதி விதிதான். பலகை இல்லையென்றால் மெட்ச் நாட்களில் கடை திறக்கக்கூடாது. திறந்தால் குத்தகை முடியும்போது புதுப்பிக்கமாட்டோம். முடிவைச் சனிக்கிழமைக்குள் யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

மனதைத் தொட்டதாம். தொட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்.

6

வீட்டுக்கு வந்தோம். கதவைத் திறக்கும்போது நிசார் கேட்டார், “இவ்வளவு காலம் ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?”

“வாப்பாட மானம்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். உள்ளே போய் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத் திரும்பி வந்தார். “சனிக்கிழமைக்கி இறைச்சி எவ்வளவு சொல்ல?” என்றார்.

“வழமையா மெட்ச் நாளைக்கிச் சொல்றது.”

“சரி” என்றார். அவர் அப்படித்தான். சம்மதத்தை இறைச்சியில் சொல்லுவார்.

ஹஸ்னா நேரே உள்ளே போனாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு அன்று நடந்தது எவ்வளவு பெரிய சேதம் என்று எனக்குத் தெரியும். அவளுடைய மேலதிகாரி அந்த நிர்வாகத்துப் பெரியவரோடு தோளில் கைபோட்டுப் பேசுகிறவர். பொறுப்பான பதவிக்கு இனிமேல் அவளைப் பார்ப்பார்களா? சனிக்கிழமை அவளுக்கு மேல்மாடியில் வேலை. நான் அவளிடம் வா என்று சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். என் வாசலுக்கு என் ஒப்பம், அவள் வேலைக்கு அவள் ஒப்பம்.

சனிக்கிழமை திறந்தோம்.

எதிர்ப்புறத்தில் காவல்காரர் நின்றுகொண்டு வோக்கி டோக்கியில் என்னவோ சொன்னார். நான் வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்தேன். வேண்டுமென்றே ஆறுதலாகத் தெளித்தேன், நன்றாய்ப் பார்க்கட்டும் என்று. டெரி மனைவியோடு வந்து கோப்பையை ஜன்னலில் வைத்துவிட்டு உள்ளே போனார். பிறகு ஒருவரும் வரவில்லை. தெரு முனையில் இன்னொரு காவல்காரர் நின்று, அன்றைக்கும் எதிர் அணியாய் வந்த மஞ்சள் சட்டைகளை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறார் என்று டெரி சொன்னார். சிவப்புச் சட்டைகளும் காவலைக் கண்டுவிட்டு, எதற்கு வம்பு என்று மீன் பொரியல் கடைக்குப் போய்விட்டன. உள்ளே சோறு வெந்து, தம்மும் இறங்கி, அடுப்பில் இருக்கிறது. நிசார் அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதிருப்பேன். காவல்காரனுக்கு முன்னால் அழ எனக்கு விருப்பமில்லை.

அப்போது தெரு முனையில் ஒரு சத்தம். ஒரு பெண் குரல், “இந்தப் பக்கம், எல்லாரும் இந்தப் பக்கம்” என்று இங்கிலீஷில், ஆட்களை ஒழுங்குபடுத்திப் பழகிய குரல். கறுப்பு மேற்சட்டை, கழுத்தில் அரங்கின் அடையாள அட்டை, தலையில் சுருக்கமில்லாமல் கட்டிய முக்காடு. எங்கள் ஹஸ்னா. அவளுக்குப் பின்னால் நாலு மஞ்சள், இரண்டு சிவப்பு. காவல்காரர் அட்டையைப் பார்த்தார், விலகினார். அரங்கின் ஆளே கூட்டிக்கொண்டு போனால் அவர் என்ன செய்வார்?

கிரேக் எங்கிருந்தோ ஓடிவந்து எங்கள் வாசலில் அவளைப் பிடித்தார். இன்றைக்கு அந்தச் சிரிப்பு இல்லை.

“ஹஸ்னா, நீ மேலே அல்லவா நிற்க வேண்டும்? இங்கே என்ன செய்கிறாய்?”

“இது என் உம்மாவின் கடை” என்றாள். தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

“இவர்கள் எந்த அணி என்று பார்த்தாயா?”

“பார்க்கவில்லை.”

“இதனால் உன் வேலைக்கு என்ன ஆகும் என்று தெரியுமா?”

அவள் கொஞ்சம் நின்றாள். வேண்டாம் மகள், போ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் ஒரு கையால் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அந்த ஆறு பேரையும் ஒவ்வொருவராய் உள்ளே அனுப்பினாள். கடைசி ஆள் உள்ளே போனதும் என்னைப் பார்த்தாள்.

“உம்மா, ஏன் நிக்கிறீங்க? சஹனப் போடுங்க.”

போட்டேன்.